மிதந்த பட்டை

அத்தியாயம் 9

பட்டை மிதந்தது.

மிதக்கக் கூடாத பட்டை அது. ஆனால் அந்தக் காலை நேரத்தில் இந்த விஷயம் லென்ஸுக்கும் தெரியாது, முழங்கையால் அதை வாளிக்குள் தட்டிவிட்ட ரேடியோவுக்கும் தெரியாது.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அதற்குள் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கூரை ஒழுகும் இடத்தில் ஒரு நீல வாளி. துப்பறியும் நிறுவனம் என்பது அவ்வளவுதான். அதன் தலைவியை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கைப்பையில் எந்நேரமும் ஒரு மடக்கு பூதக்கண்ணாடி இருப்பதால் அவள் லென்ஸ். உதவியாளர் இருபது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவருக்கு ரேடியோ என்று ஏன் பெயர் வந்தது என்பது அவர் வாயைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

"கேஸ்தான் முடிஞ்சிடுச்சே, சாமானையெல்லாம் ஏறக்கட்டலாம்னு பார்த்தேன் பாஸ். இது என்னடான்னா நீச்சல் பழகக் கிளம்பிடுச்சு," என்றார் ரேடியோ.

"தடயம்யா அது! கவரை ஏன் திறந்தீங்க?"

"கவர்லேயே ஓட்டை. உள்ளே இருந்தது வெளியே வர நான் டிக்கெட்டா கிழிச்சுக் கொடுக்கணும்?"

கேஸ் முடிந்துதான் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு, செல்போன் டவர் ஒன்றில் இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேலே இருந்தவனுக்கு ஸ்பானர் போதவில்லை. கீழே நின்றவன் தன் கருவிப் பையைக் கயிற்றில் கட்டி அனுப்பினான். பாதி உயரத்தில் பையைத் தோளில் மாட்டும் பட்டை கிழிந்து, இரும்புச் சாமான்களோடு பை கீழே வந்தது. கீழே நின்றவனின் முழங்கால் சிதறிப்போனது. டவர் கம்பெனி, பை தைத்த பட்டறையின் கழுத்தைப் பிடித்தது. பட்டறை முதலாளி லென்ஸைக் கூப்பிட்டார்.

லென்ஸ் கண்டுபிடித்தாள். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தையல்காரரும் தான் தைத்த பையின் உள்துணி மடிப்பில் தனக்கென்று உள்ள நிறத்தில் ஒரு நூல் முடிச்சுப் போட்டு வைப்பார். வெளியாள் கண்ணுக்குத் தெரியாது. விழுந்த பையில் லென்ஸின் கண்ணாடிக்கு அகப்பட்டது பச்சை முடிச்சு. பச்சை என்றால் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாகத் தைக்கும் தையல்காரம்மா. அதோடு பட்டை பிய்ந்த இடத்தில், கித்தான் துணியில் ஒன்றுக்கு இரண்டு வரிசை ஊசி ஓட்டைகள். தப்பாகத் தைத்து, பிரித்து, அதே இடத்தில் மறுபடி தைத்திருக்கிறார். ஓட்டைகள் நெருக்கமாகிப் பட்டை தபால்தலை ஓரம் கிழிகிறாற்போல் கிழிந்துவிட்டது. இதை லென்ஸ் பட்டறைக் கூடத்தில், அறுபது மெஷின்களையும் நிறுத்தச் சொல்லி, அறுபது பேர் முன்னால் அறிவித்தாள். முதலாளிக்கு அப்படி ஒரு காட்சி வேண்டியிருந்தது. லென்ஸுக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை.

அன்று தையல்காரம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அதைக் கொஞ்சம் என் கையில குடுங்கம்மா."

"தடயத்தை யாரும் தொடக்கூடாது," என்று லென்ஸ் கவரை உயர்த்திப் பிடித்தாள். அன்றே தையல்காரம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அது நடந்து மூன்று நாள் ஆகிறது. இன்று மாலை நான்கு மணிக்கு முதலாளியின் கடிதம் டவர் கம்பெனிக்குப் போகும். அதில் தையல்காரம்மாவின் பெயர் இருக்கும். கம்பெனி போலீஸுக்குப் போகும். கடிதத்தின் நகல் ஊரில் உள்ள பை பட்டறைகளுக்கெல்லாம் போகும். அதன் பிறகு அவருக்கு ஒரு துணிப்பைக்குக் காது வைத்துத் தைக்கக்கூட யாரும் வேலை தர மாட்டார்கள்.

"பாஸ், என் விரலைப் பாருங்க," என்றார் ரேடியோ. பட்டையை எடுத்த விரல்கள் இரண்டும் கறுத்திருந்தன. வாளித் தண்ணீரின் மேலும் கறுப்பாக ஒரு ஆடை.

லென்ஸ் அவர் விரலை மோந்து பார்த்தாள்.

"என்ன வாசனை? காலையில போட்ட சாம்பிராணியா?"

"ஷூ பாலிஷ்."

பட்டறையிலிருந்து மாதிரிக்காக வாங்கி வைத்திருந்த பட்டைத் துண்டை இழுப்பறையிலிருந்து எடுத்து வாளியில் போட்டாள். தண்ணீருக்கடியில் பிடித்துக் காற்றுக்குமிழ் போகும்வரை பிழிந்தாள். விட்டாள். அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கிழிந்த பட்டையையும் அப்படியே பிழிந்து விட்டாள். அது நிதானமாக மேலே வந்தது.

பட்டறையின் ஸ்டோர்க்காரருக்குப் போன் போட்டாள்.

"எங்க பட்டை நைலான் மேடம். முழுகும். சாயமும் போகாது. மிதக்குதுன்னா அது பி.பி. நாடா."

"எனக்கும் பி.பி. இருக்கு, நான் மிதக்கிறதில்லையே," என்றார் ரேடியோ, போனுக்குக் கேட்கும்படி.

"மடக்குக் கட்டில், நாற்காலி இதுக்கெல்லாம் பின்னுவாங்களே, அந்த நாடா," என்றார் ஸ்டோர்க்காரர். "விலை கம்மி. வெயில்ல கிடந்தா பொடிஞ்சிடும். எங்க கேட்டுக்குள்ள அது நுழைஞ்சதே இல்ல. பட்டையை அளந்து, சூட்டுக் கத்தியால வெட்டி நான்தான் தர்றேன். தைக்கிறவங்க யாரும் வெட்டுறதில்ல. நுனி எப்படி இருக்கு, பாருங்க."

மாதிரித் துண்டின் நுனி கோடு கிழித்தாற்போல் இருந்தது. கிழிந்த பட்டையின் நுனி, மெழுகுவத்தியில் காட்டியதுபோல் கரிந்து உருண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு லென்ஸ் மேஜையடியில் இருந்த பையையும் பட்டையின் கிழிந்த பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். இந்த முறை கண்ணாடியை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. துணியில் ஊசி ஓட்டை இரண்டு வரிசை. பட்டையில் ஒரே வரிசை.

"ரேடியோ."

"பாஸ்?"

"தப்பாத் தைச்சுப் பிரிச்சுத் தைச்சிருந்தா, ரெண்டுலயும் ரெண்டு வரிசை இருக்கணும்."

ரேடியோ அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ துணி பழைய சம்சாரி. பட்டை நடுவுல வந்த ஆளு."

"யாரோ நல்ல பட்டையைப் பிரிச்சு எடுத்துட்டு இதை வெச்சுத் தைச்சிருக்காங்க. மெழுகு போட்ட கித்தான்ல ஒரு தடவை ஊசி இறங்கினா அந்த ஓட்டை மூடவே மூடாது. அதனாலதான் பழைய வரிசையும் தெரியுது." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "ஒரு சின்னப் புள்ளகிட்ட காட்டியிருந்தாக்கூட எண்ணிச் சொல்லியிருக்கும். நான் லென்ஸை வெச்சுக்கிட்டு துணியை மட்டும் பார்த்திருக்கேன். முடிச்சு கிடைச்ச சந்தோஷத்துல பட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கல."

காது இரண்டும் சுட்டன. கவரை உயர்த்திப் பிடித்த தன் கை அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

முதலாளிக்குப் போன் செய்தபோது மணி பத்தரை.

"அடிச்சுச் சொன்னீங்களே மேடம், அறுபது பேர் முன்னால! இப்ப பட்டை மாறியிருக்குன்னா என்ன அர்த்தம்? அந்தம்மாவே வெளியில வாங்கிப் போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருக்க மாட்டாங்க."

"மாட்டாங்கன்னா? யார் மாத்தினாங்கன்னு ஆளைக் காட்டுங்க. நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் லெட்டர் போகும்."

லென்ஸ் பையையும் பட்டையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ரேடியோ ஸ்கூட்டரை உதைத்தார்.

"எங்கே பாஸ்?"

"கட்டில் நாடா, மெழுகுவத்தி, ஷூ பாலிஷ். இது மூணும் ஒரே இடத்துல எங்க இருக்கும்?"

"செருப்புத் தைக்கிறவர்கிட்ட. டவர் கம்பெனி டிப்போ பக்கமா மூணு பேர் உட்கார்றாங்க. தண்ணித் தொட்டி, மார்க்கெட் வாசல், பாலத்தடி. அந்த ரூட்ல இருபது வருஷம் விசில் அடிச்சிருக்கேன், எனக்கா தெரியாது?"

தண்ணித் தொட்டிக்காரர் பட்டையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். மார்க்கெட் வாசல்காரர் வந்து சேரவே பன்னிரண்டரை ஆனது. வந்தவரும் இல்லையென்று தலையாட்டினார். பாலத்தடியில் கறுப்புக் குடை ஒன்றை விரித்து, அதன் கீழ் ஒருவர் ஒரு பள்ளிக்கூடப் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எதிரே பாலிஷ் டப்பாக்கள், குத்தூசிகள், அரையாய் எரிந்த மெழுகுவத்தி.

லென்ஸ் கவரை நீட்டினாள். "இந்தப் பட்டையை நீங்க தைச்சீங்களான்னு..."

"கவருக்குள்ள வெச்சுக் காட்டினா நான் என்னத்தைக் கண்டேன்?" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "கையில குடுங்க."

அதே வார்த்தை. லென்ஸ் கவரைக் கீழே இறக்கினாள். பிறகு பட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள், பையையும் சேர்த்து.

அவர் கட்டைவிரலால் துணியில் ஒட்டியிருந்த நூலைத் தடவினார். பார்க்கக்கூட இல்லை, எதிரே போன லாரியைப் பார்த்தபடியே தடவினார். "என் தையல்தான். குத்தூசித் தையல், மெழுகு நூல். எனக்கு இடது கை பழக்கம், தையல் சாஞ்சு விழும். உள்ளே இருக்கிற பழைய ஓட்டையெல்லாம் மெஷின்ல போட்டது. யார் போட்டாங்களோ, அருமையான கை. அதைப் பிரிக்கிறதுக்குள்ள எனக்கு ரெண்டு ஊசி முறிஞ்சுது."

லென்ஸால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொட்ட மாத்திரத்தில் ஆள் தன் வேலையை அடையாளம் சொல்கிறார். அன்று அந்தம்மா கேட்டதும் இவ்வளவுதான்.

"எப்பண்ணே தைச்சீங்க?" ரேடியோ குந்தி உட்கார்ந்தார்.

"நாலு மாசம் இருக்கும். அவரே நாடாவைக் கொண்டுவந்தாரு. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்: இது படுக்கிற நாடா, தூக்குற நாடா இல்ல. கேட்கல. வெள்ளையா இருக்கு, பளிச்சுன்னு தெரியும்னு கறுப்பு பாலிஷ் வேற போடச் சொன்னாரு. பிரிச்ச பட்டையைப் பத்திரமா சுருட்டி எடுத்துக்கிட்டாரு."

"ஆள் எப்படி இருந்தாரு?"

"நான் எங்கேய்யா ஆளைப் பார்க்கிறேன்? உட்கார்ந்த இடத்துலேர்ந்து பார்த்தா எல்லாரும் முழங்கால் வரைக்கும்தான். நல்ல கனமான பூட்ஸ். இடது காலுக்கு லேஸ் இல்ல. மஞ்சள் ஒயரைக் கோத்துக் கட்டியிருந்தாரு. லேஸ் ஒண்ணு தர்றேன்னேன், வேண்டாம்னுட்டாரு."

ரேடியோ எழுந்தார். "சரியாப் போச்சு. டிப்போவுல முந்நூறு ஜோடி பூட்ஸ். குனிஞ்ச தலை நிமிராம தேட வேண்டியதுதான். எனக்கு முதுகு வலி, முன்கூட்டியே சொல்லிடறேன்."

லென்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. மஞ்சள் ஒயர் கோத்த பூட்ஸை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தது மட்டுமா, ஒரு வீட்டு வாசலில் கால் இடறி, தன் கையாலேயே எடுத்து ஓரமாக வைத்திருக்கிறாள்.

"டிப்போ வேண்டாம்," என்றாள். "அடிபட்டவன் வீட்டுக்குப் போங்க."

ரேடியோ ஸ்கூட்டர் சாவியைக் கீழே போட்டுவிட்டார். "அவனோட பையில அவனேவா?"

"பை விழுந்து அடிபட்டவன் மேல யாராவது சந்தேகப்படுவாங்களா? நானும் படல."

அடிபட்டவனின் வீடு ஒரே அறை. ஒரு பக்கக் கட்டிலில் காலை மாவுக்கட்டோடு நீட்டியபடி அவன். எதிர்ப் பக்கக் கட்டிலில் அவன் அப்பா, இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். நடுவில் ஒரு ஸ்டூல். போன வாரம் வந்தபோது லென்ஸ் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்து டீ குடித்தாள்.

"வாம்மா, வா," என்றார் பெரியவர். கையை மேலே நீட்டி, கூரைக் கம்பியிலிருந்து தொங்கிய பட்டையைப் பிடித்து, ஒரு தம் கட்டி, தானாக எழுந்து உட்கார்ந்தார்.

லென்ஸ் அண்ணாந்து பார்த்தாள்.

அகலமான கறுப்புப் பட்டை. மேலே கம்பியில் முடிச்சு. பெரியவர் பிடித்திருந்த கீழ் நுனி கொக்கி கோப்பதற்காக மடித்துத் தைக்கப்பட்டிருந்தது: கச்சிதமான சதுரம், அதற்குள் பெருக்கல் குறி. ஒரு நூல் பிசகவில்லை. போன தடவையும் இதே பெரியவர் இதே பட்டையைப் பிடித்து எழுந்துதான் அவளுக்கு வணக்கம் சொன்னார். கை நீட்டினால் தொடும் தூரம். அன்று அவள் நோட்டில் எழுதிக்கொண்டது: 'தந்தை படுக்கையில். பாவம்.'

"நல்லாப் பிடிமானமா இருக்கு இல்ல?" என்றார் பெரியவர், அவள் பார்வையைப் பார்த்துவிட்டு. "இது வந்த பிறகுதான் நான் மனுஷன். அதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் மருமக தூக்கிவிடணும். கூச்சத்துல பாதி நாள் தண்ணியே குடிக்க மாட்டேன். கயிறு கட்டிப் பார்த்தான், கையை அறுத்துடுச்சு. அப்புறம் எங்கேயோ தேடி இதை வாங்கிட்டு வந்தான் என் புள்ள."

மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லென்ஸ் அவன் கட்டில் அருகே போய்க் குனிந்தாள். "பாலத்தடிக்காரர்கிட்ட இருந்துதான் வர்றோம்," என்று மெதுவாகச் சொன்னாள்.

அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். "மேடம், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

"பட்டறைக்குப் போய்க் கேட்டீங்களா?"

"கேட்டேன். பட்டையை மட்டும் தனியா விக்கிறதில்லன்னாங்க. என் பையில இருக்கிறதுதானேன்னு பிரிச்சுட்டேன். பை வெறும் சாமான்தானே தூக்குது, அப்பாவை இல்லையேன்னு..." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "விழுந்தப்ப நல்லவேளை என் கால்லதான் விழுந்துச்சு. வேற யார் மேலயாவது விழுந்திருந்தா நான் செத்திருப்பேன்."

"அந்தம்மாவுக்கு ஆனது?"

"சொல்லணும்னுதான் இருந்தேன் மேடம். அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சுட்டீங்கன்னு தகவல் வந்துச்சு. பெரிய ஆளு, கண்ணாடி வெச்சுப் பார்த்தவங்க, அவங்களே தையல்லதான் தப்புன்னு சொல்லிட்டாங்கன்னாங்க. அதைக் கேட்டதும், ஒருவேளை நிஜமாவே அப்படித்தானோன்னு என்னை நானே நம்ப வெச்சுக்கிட்டேன். நீங்க சொன்னதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்."

அவன் அவளைக் குத்திக்காட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. ஒரு கோழைக்கு ஒளிந்துகொள்ள இடம் கட்டிக் கொடுத்தது தன் கெட்டிக்காரத்தனம்தான் என்று நினைத்தபோது லென்ஸுக்கு அந்த அறையில் நிற்கவே கூசியது.

"என்னடா குசுகுசுன்னு?" என்றார் பெரியவர். "எனக்குக் கால்தான் வராது. காது நல்லாவே கேட்கும்."

ரேடியோ வாசல் பக்கம் பார்த்தார்.

பெரியவர் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். அதன் மடிப்புத் தையலைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "இது உன் பையில இருந்ததா?"

மகன் தலையாட்டினான்.

"அந்தத் தையல்காரம்மா வேலை போச்சுன்னு நம்ம வீட்டுலதானே பேசினோம். நான்கூட அவங்களைத் திட்டினேனே. இதைப் பிடிச்சுக்கிட்டே திட்டினேனேடா." அவர் குரல் உடைந்தது. "போனைப் போடு. அந்த முதலாளிகிட்ட இப்பவே சொல்லு. எனக்கும் கேட்கிற மாதிரி சொல்லு."

மகன் சொன்னான். முதலாளி நடுநடுவே கத்தியும் விடாமல் முழுவதையும் சொன்னான். மணி மூன்று ஐந்து.

பெரியவர் பட்டையிலிருந்து கையை எடுத்தார். பிடி விட்டதும் மெல்லச் சரிந்து தலையணையில் விழுந்தார்.

"அவிழ்த்து எடுத்துட்டுப் போங்க," என்றார் கூரையைப் பார்த்தபடி. "அந்தம்மா கையில குடுங்க."

ஸ்டூல் மேல் ஏறி முடிச்சை அவிழ்த்தது ரேடியோ. இறங்கியபோது அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். தூசி என்றார்.

தையல்காரம்மாவின் வீடு பட்டறைக்குப் பின்சந்தில் இருந்தது. மத்தியான வெளிச்சத்திலும் கதவு பாதி சாத்தியிருந்தது. லென்ஸைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

லென்ஸ் பட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். "அன்னைக்குக் கையில குடுங்கன்னு கேட்டீங்க."

அவர் வாங்கினார். கட்டைவிரல் சதுரத் தையலின் மேல் ஒரு சுற்றுப் போய் வந்தது. கடைசி மூலையில் நின்றது. "என்னுது. முடிக்கிற இடத்துல ரெண்டு தையல் பின்னாடி வந்து போவேன். வேற யாரும் அப்படிப் போட மாட்டாங்க." நிமிர்ந்தார். "எங்கே இருந்துச்சு?"

லென்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டை மிதந்ததை, ஒற்றை வரிசை ஓட்டையை, பாலத்தடியை, பெரியவரை. தன் தப்பை எங்கும் பூசி மெழுகவில்லை. "என்னை மன்னிச்சிடுங்க" என்று முடித்தாள்.

தையல்காரம்மா கொஞ்ச நேரம் பட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"அன்னைக்கு அறுபது பேர் முன்னால சொன்னீங்க. மெஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டு சத்தமாச் சொன்னீங்க. நான் சொல்லிக் கொடுத்துத் தைக்கப் பழகின பொண்ணுங்க அதுல பாதிப் பேரு. மூணு நாளா தெருக் குழாய்க்குத் தண்ணி பிடிக்கக்கூடப் போகல நான்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "தப்பு உங்களுதுன்னு சொல்றதுக்கு மட்டும் கதவைச் சாத்தின வீட்டுக்குள்ள வர்றீங்களே, ஏம்மா?"

லென்ஸுக்குத் தலை தானாகக் குனிந்தது. உண்மையில் வரும் வழியெல்லாம் அவள் இந்த ஒரு வீட்டைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கூடம் நினைவுக்கே வரவில்லை. வராதபடி பார்த்துக்கொண்டாள் என்பதுதான் சரி.

"வாங்க," என்றாள்.

கூடத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி நாலாக ஐந்து நிமிடம். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தார். கையில் இரண்டாகக் கிழித்த கடிதம். "மேடம், லெட்டர் போகல. விஷயம் முடிஞ்சுது. வாங்க, ரூம்ல உட்கார்ந்து..."

"மெஷினை நிறுத்தச் சொல்லுங்க."

"எதுக்கு மேடம் அதெல்லாம்? நானே அப்புறமா பக்குவமா..."

"அன்னைக்கு நிறுத்தினீங்கல்ல?"

ஒவ்வொரு மெஷினாக அடங்கியது. கடைசி மெஷினும் நின்றபோது, அன்றைக்கு இதே அமைதி தனக்கு எவ்வளவு இனித்தது என்பது லென்ஸுக்கு ஞாபகம் வந்தது. அன்று தையல்காரம்மா நின்ற அதே இடத்தில், வெட்டு மேஜைக்கு எதிரே போய் நின்றாள்.

"மூணு நாள் முன்னாடி இங்கே ஒண்ணு சொன்னேன்," என்றாள். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "அது பொய். தெரிஞ்சு சொன்ன பொய் இல்ல, ஆனா சரியாப் பார்க்காம சொன்னது. கிழிஞ்ச பட்டை இந்தப் பட்டறையோடது இல்ல. தையல் இவங்களோடது இல்ல. இவங்க அதைத் தொட்டுப் பார்க்கணும்னு கேட்டாங்க. தொட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான்தான் விடல. தப்பு முழுக்க என்னுது."

யாரும் கை தட்டவில்லை. யாரும் பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. அறுபது ஜோடிக் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தன. மூன்று நாள் முன்பு இன்னொருத்தர் இதே பார்வையின் கீழ், செய்யாத தப்புக்காக நின்றார்.

தையல்காரம்மா பட்டையை முதல் மெஷினில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். அவள் தையலைத் தடவிப் பார்த்தாள், அடுத்தவளிடம் கொடுத்தாள். பட்டை வரிசையாகக் கை மாறிப் போனது. ஒவ்வொருவரும் கட்டைவிரலால் அந்த மூலையைத் தொட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. எவருக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை.

கடைசி வரிசையிலிருந்து திரும்பி வந்ததும் தையல்காரம்மா அதை லென்ஸிடம் நீட்டினார். "நீங்களும் தொட்டுப் பாருங்க."

லென்ஸ் தொட்டாள். கடைசி மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாக, சின்னதாக இரண்டு தையல். இவ்வளவு நாள் ஒரு முழு ஆளின் பாரம் இதைப் பிடித்துத் தொங்கியிருக்கிறது. அவளால் தலையைத் தூக்க முடியவில்லை.

"பார்த்துட்டீங்கல்ல?" என்றார் தையல்காரம்மா. தன் மெஷின் மேல் போட்டிருந்த துணியை எடுத்து உதறி மடித்தார். "கொண்டுபோய் அந்தப் பெரியவருக்குக் கட்டிவிடுங்க. பாவம், தண்ணி குடிக்காம படுத்திருப்பாரு."

ரேடியோ வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.